திண்ணையில் ஒட்டிய கட்டத்தாள்

முள்ளிப்பட்டில் தறியோசை நின்றுபோனால் தெரு எப்படியிருக்கும் என்பதை 2020-ஆம் ஆண்டின் கோடையில்தான் நான் முதன்முதலாக அறிந்தேன். ஆரணியை அடுத்த இச்சிற்றூரில் பட்டு நெய்யும் குடும்பங்கள் பல. விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை வீட்டுக்கு வீடு எழும் அந்தச் சீரான ஓசைக்குப் பழகிப்போன காது, அது இல்லாத நாளில்தான் அதைத் தேடத் தொடங்குகிறது. ஊரடங்கு வந்தது, திருமணங்கள் தள்ளிப்போயின, பட்டுப் புடவை கேட்பார் இல்லை, பாவு கொடுக்கும் முதலாளிகளும் கையை விரித்தார்கள்.

அந்த அமைதியில் ஒருநாள் முற்பகல், பக்கத்து வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பெண்குரல் விட்டு விட்டு ஒலித்தது. "கேக்குதா? எல்லாருக்கும் கேக்குதா?" அது ஓர் ஆசிரியையின் குரல். கைபேசியைத் தூண்மீது சாய்த்துவைத்து, அதன்முன் குறிப்பேட்டுடன் உட்கார்ந்திருந்தாள் நெசவாளியின் மகள். பன்னிரண்டாம் வகுப்பில் அடியெடுத்து வைத்திருந்த பிள்ளை. பாடம் இரண்டு சொல் வரும், பிறகு நின்றுவிடும், திரையில் ஒரு வட்டம் சுழலும். முப்பத்துநான்கு ஆண்டுகள் வகுப்பறையில் நின்று தொண்டை வற்றப் பாடம் சொன்னவன் நான். என் குரல் கடைசிப் பெஞ்சைத் தொடவில்லை என்று எனக்கு நானே குறைபட்டுக்கொண்டது உண்டு. ஆனால் பாடம் கேட்பதற்குக் காசு போதாமல் ஒரு பிள்ளை பாதியில் எழுந்துபோவதை அன்றுதான் கண்டேன். நாள் ஒன்றுக்கு வாங்கிய தரவு பதினொரு மணிக்கே தீர்ந்துவிட்டதாம்.

அந்த மாதம்தான் சென்னையில் பணிபுரியும் என் மகன், கேபிள்காரர் மூலம் எங்கள் வீட்டுக்குக் கண்ணாடியிழை இணைப்பு வாங்கித் தந்திருந்தான். ஊரடங்கில் பெற்றோரின் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும் என்பது அவன் ஆசை. கிழவனும் கிழவியும் ஒரு நாளில் எவ்வளவுதான் பேசிவிடப் போகிறோம்? மிச்சமெல்லாம் கூடத்துக் காற்றில் வீணாகிக்கொண்டிருந்தது. "இங்கே வந்து உட்கார், அம்மா. எங்கள் வைஃபையைப் போட்டுக்கொள்" என்றேன்.

சொல்வது எளிதாயிருந்தது. என் மகன் வைத்திருந்த கடவுச்சொல்லோ பதினாறு எழுத்து கொண்டது. ஆங்கிலப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், நடுவே ஒரு விண்மீன் குறி. அதை ஒரு பஞ்சாங்கத்தின் பின்னட்டையில் எழுதிவைத்திருந்தேன். என் கையெழுத்தில் பூச்சியமும் ஆங்கில 'ஓ'வும் ஒன்று. ஒன்று என்னும் எண்ணும் சிறிய 'எல்'லும் ஒன்று. மூன்று முறை தட்டினோம். மூன்று முறையும் கைபேசி மறுத்தது. நான்காம் முறை என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாக நான் சொல்ல, அவள் தட்ட, நாங்கள் இருவரும் ஒரு கல்வெட்டை வாசிப்பவர்கள் போலத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தோம். அதற்குள் அவளுடைய இயற்பியல் வகுப்பு முடிந்துவிட்டது.

"தாத்தா, உங்க போனைக் கொஞ்சம் குடுங்க" என்றாள். மகன் வாங்கித்தந்த புதிய கைபேசி அது. அமைப்புகள் என்னும் பகுதியில் போய், எங்கள் இணைப்பின் பெயரைத் தொட்டாள். 'பகிர்' என்றிருந்ததைத் தொட்டாள். அது என் விரல்ரேகையைக் கேட்டது. வைத்தேன். மறுகணம் திரையில் கறுப்பும் வெள்ளையுமாகச் சிறு கட்டங்கள் நிறைந்த ஒரு சதுரம் தோன்றியது. அதைத் தன் கைபேசியின் ஒளிப்படக் கண்ணுக்குக் காட்டினாள். ஒரு நொடி. இணைந்துவிட்டது. எழுத்துமில்லை, எண்ணுமில்லை, பூச்சியமா 'ஓ'வா என்ற வழக்குமில்லை.

இந்த வசதி ஆண்டிராய்டு கைபேசிகளில் அதன் பத்தாம் பதிப்போடு, 2019-இல் வந்தது என்று பின்னர் அறிந்தேன். ஆப்பிள் நிறுவனம் அதற்கு இரண்டு ஆண்டு முன்பே, 2017-இல், வேறொரு முறையைக் கொண்டுவந்திருந்தது. அதில் கட்டமும் இல்லை. இணைந்திருப்பவரின் கைபேசி அருகே புதியவர் தம் கைபேசியைக் கொண்டுவந்தால், 'இவருக்குக் கடவுச்சொல்லைத் தரலாமா?' என்று அதுவே கேட்கும். ஆனால் ஒரு நிபந்தனை: இருவருடைய முகவரிப் புத்தகத்திலும் மற்றவர் இடம்பெற்றிருக்க வேண்டும். முன்பின் அறியாதவருக்கு அது வாயைத் திறக்காது. ஆளைத் தெரிந்துகொண்டு கதவைத் திறக்கும் இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்திருக்கிறது. கைபேசியின் விலைதான் பிடிக்கவில்லை.

அன்று மாலை அவளுடைய தந்தை நன்றி சொல்ல வந்தார். என்னைவிடப் பத்து வயது இளையவர். வேலையில்லாத கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் நின்றவரிடம் அந்தச் சதுரத்தைக் காட்டினேன். அவர் கைபேசியை வாங்கி, சற்றுத் தள்ளிப் பிடித்து, நெடுநேரம் பார்த்தார். "இது நம்ம கட்டத்தாளாச்சே, வாத்தியாரே!" என்றார்.

வியப்பில்லை. பட்டுப் புடவையின் கரையிலும் முந்தியிலும் வரும் மயிலும் அன்னமும் மாங்காயும் முதலில் கட்டம் போட்ட தாளில்தான் பிறக்கின்றன. கட்டத்தை நிரப்பினால் அந்த இழை மேலே எழவேண்டும், விட்டுவிட்டால் எழவேண்டாம். தாளின் ஒரு வரிக்கு ஓர் அட்டை. நிரப்பிய கட்டம் தோறும் அட்டையில் ஒரு துளை. துளையுள்ள இடத்தில் ஊசி உள்ளே நுழையும். அதனோடு கொக்கி எழும். கொக்கியோடு பாவிழை எழும். அதன் கீழே நாடா ஊடையை இழுத்துக்கொண்டு ஓடும். தறியின்மேல் உட்கார்ந்திருக்கும் ஜக்கார்டு பெட்டியின் கதை இவ்வளவுதான். பிரான்சு நாட்டு லியோன் நகரத்துப் பட்டு நெசவாளியின் மகனான ஜக்கார்டு 1804-இல் இதை அமைத்தார். உண்டு, இல்லை என்னும் இரண்டே விடையால் எந்தச் சித்திரத்தையும் சொல்லிவிடலாம் என்ற அந்த உண்மையைப் பார்த்துத்தான் இங்கிலாந்தின் சார்லசு பாபேசு தம் கணக்கிடும் பொறிக்குத் துளையட்டைகளைத் திட்டமிட்டார். கணினி நம் நெசவாளருக்குத் தூரத்து உறவு என்று நான் சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால் என் அண்டை வீட்டார் பார்த்த பார்வையில் அந்த உறவு தெரிந்தது.

இந்தக் கட்டக் குறியீடும் ஆலையிலிருந்தே வந்தது. ஜப்பானில் டென்சோ என்னும் நிறுவனம் மோட்டார் வண்டிகளுக்கான உதிரிப் பாகங்களைச் செய்தது. பெட்டிகளின்மேல் கோடுகளால் ஆன பழைய குறியீட்டை ஒட்டினார்கள். அதில் சுமார் 20 எழுத்துக்குமேல் அடங்காது. ஆகவே ஒரே பெட்டிக்குப் பல குறியீடுகள். தொழிலாளிக்கு ஓயாத வேலை. மசாகிரோ அரா என்னும் பொறியாளர் இதற்கு வழி தேடினார். 'கோ' என்பது கட்டம் போட்ட பலகையில் கறுப்பு வெள்ளைக் காய்களை வைத்து ஆடும் ஆட்டம். அதை ஆடிக்கொண்டிருந்தபோது அவருக்கு எண்ணம் தோன்றியதாம். குறியீடு 1994-இல் வெளிவந்தது. நம் ஊர்த் திண்ணைகளில் ஆடுபுலி ஆட்டக் கட்டங்கள் எத்தனை தலைமுறையாகச் செதுக்கிக் கிடக்கின்றன! யாரும் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்று குறைசொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் எதுவும் கண்டுபிடிக்காதவர்களின் வரிசையில் முதலாவதாக நான் நிற்கிறேன்.

அக்குறியீட்டின் மூன்று மூலைகளில் சதுரத்துக்குள் சதுரமாக மூன்று கண்கள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் குறுக்கே எந்தப் பக்கமாகக் கோடு இழுத்தாலும் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்பன ஒன்று, ஒன்று, மூன்று, ஒன்று, ஒன்று என்ற அளவில் வரும். அச்சிட்ட தாள்களையெல்லாம் ஆராய்ந்து, வேறெங்கும் மிக அரிதாகவே வரும் அளவு இது எனக் கண்டு தேர்ந்தெடுத்தார்கள். அதனால்தான் தாளைத் தலைகீழாகப் பிடித்தாலும் கைபேசி குழம்புவதில்லை. இன்னொன்று: குறியீட்டை எழுதும் முறையைப் பொறுத்து, அதில் 30 விழுக்காடு வரை அழிந்துபோனாலும் மீதியிலிருந்து முழுமையையும் மீட்டுக்கொள்ள முடியும். காப்புரிமை பெற்றிருந்தும், விதிப்படி பயன்படுத்துவோரிடம் அவ்வுரிமையைக் கொண்டு தடுக்கமாட்டோம் என்று அந்நிறுவனம் விட்டுக்கொடுத்தது. இன்று ஆரணிப் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையிலும் பூக்கூடையிலும் அந்தச் சதுரம் தொங்குவது அந்த விட்டுக்கொடுப்பின் பயன்.

நான் இப்படியெல்லாம் வியந்துகொண்டிருக்க, நெசவாளி ஒரு கேள்வி கேட்டார்: "அப்போ, இதுக்குள்ள உங்க பாஸ்வேர்டு இருக்குதா, இல்லியா?"

எனக்குத் தெரியவில்லை. கட்டம் என்பது ஏதோ மந்திரப் பூட்டு, அதில் இரகசியம் பத்திரமாய் இருக்கிறது, பெறுகிறவர் அதை அறியாமலே நுழைகிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார். "அட்டையைக் குடுத்தா டிசைனைக் குடுத்ததுதான், வாத்தியாரே. படம் வரையத் தெரியாதவன்கூட அட்டையைத் தறியில மாட்டினா அதே மயிலை நெய்துடுவான். எத்தனை முதலாளி இதுக்காகச் சண்டை போட்டிருக்காங்க!"

அவர் சொன்னதே மெய். வைஃபைக் குறியீட்டுக்குள் இருப்பது ஒரே ஒரு வரி எழுத்து. இது வைஃபை, பாதுகாப்பு முறை இன்னது, இணைப்பின் பெயர் இன்னது, கடவுச்சொல் இன்னது என்று அரைப்புள்ளியிட்டு எழுதியிருக்கும், மறைபொருள் ஒன்றுமில்லை. நம் கண்ணுக்குக் கட்டமாகத் தெரிகிறது. படிக்கத் தெரிந்த கருவிக்கு அது வெறும் வாக்கியம். பல கைபேசிகள் அந்தச் சதுரத்தின் கீழேயே கடவுச்சொல்லை வெளிப்படையாக அச்சிட்டும் காட்டுகின்றன. என் கண்ணாடிக்கு அது தென்படவில்லை, அவ்வளவுதான். பூட்டு என்று நான் நினைத்தது சாவி. அதுவும் யார் வேண்டுமானாலும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளக்கூடிய சாவி.

தெரிந்தும் நான் அதைப் பெரிதாக எண்ணவில்லை. ஆகஸ்டு மாதத்துக்குள் எங்கள் திண்ணையில் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடினார்கள். ஒவ்வொருவருக்கும் விரல்ரேகை வைத்துத் திரையைக் காட்டுவது சலிப்பாயிற்று. மகனிடம் சொல்லி அந்தச் சதுரத்தை ஒரு தாளில் அச்சிட்டு வரவழைத்து, திண்ணைச் சுவரில் பசை தடவி ஒட்டினேன். வந்தவர் எடுத்துக்கொள்ளலாம்; என்னைக் கூப்பிட வேண்டாம். மழைச்சாரல் பட்டது, என் மனைவி மஞ்சள் கரைத்த கையோடு அதைத் தொட்டாள், ஒரு மூலை கிழிந்தது. எனினும் அது வேலை செய்தது.

என் சிறுவயதில் அடுத்த வீட்டுப் பாட்டி ஒரு வறட்டித் துண்டோடு வருவார். எங்கள் அடுப்பிலிருந்து நெருப்பு எடுத்துப்போவார். தீப்பெட்டி மிச்சம். கொடுத்ததால் எங்கள் நெருப்பு குறைந்ததில்லை. ஆனால் அந்த நெருப்போடு நாலு வார்த்தை போகும், நாலு வார்த்தை வரும். பின்னாளில் தெருவுக்கு ஒரு தொலைக்காட்சி இருந்தபோதும் அப்படித்தான். வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்' பார்க்க ஊரே ஒரு கூடத்தில் உட்கார்ந்திருக்கும். யார் வந்தார், யார் வரவில்லை என்று வீட்டுக்காரருக்குத் தெரியும். வைஃபை அப்படியில்லை. அது சுவரைத் தாண்டிப் போகிறது. வாங்குகிறவர் முகத்தை நாம் பார்ப்பதில்லை. கொடுக்கக் கொடுக்கக் குறையவும் செய்கிறது. இவ்விரண்டையும் நான் அப்போது எண்ணிப்பார்க்கவில்லை. தெருவில் எனக்கு நல்ல பெயர் கிடைத்திருந்தது. அந்த மகிழ்ச்சியில் வேறொன்றும் கண்ணில் படவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

2021 ஜனவரியில் தமிழ்நாட்டரசு, கல்லூரி மாணவர் சுமார் 9.69 இலட்சம் பேருக்கு நாள்தோறும் 2 ஜி.பி. தரவு வழங்கும் அட்டைகளை ஏப்ரல் வரை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அது இல்லை. அரசுப் பள்ளியினருக்குக் கல்வித் தொலைக்காட்சி, மற்றவர்க்கு அவரவர் வீட்டு வசதி. ஆகவே எங்கள் திண்ணை நிறைந்தே இருந்தது. அந்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடைபெறவில்லை. ஜூலையில் மதிப்பெண் வந்தது. நெசவாளியின் மகள் நல்ல மதிப்பெண் பெற்று, பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்தாள். செப்டம்பர் முதல் தேதி மேல்வகுப்புகளுக்குப் பள்ளி திறந்தது. திண்ணை மெல்ல வெறுமையானது.

ஆனால் இணைப்பின் வேகமோ கூடவில்லை. மாறாக, மாதத்தின் பாதியிலேயே தரவு வரம்பு தீர்ந்து நத்தை வேகமாயிற்று. வார இறுதியில் ஊருக்கு வந்த மகன், இணைப்புப் பெட்டியின் பதிவைத் திறந்து பார்த்தான். 19 கருவிகள்! இரவு பதினொரு மணிக்கு. யாரோ ஒருவர் திண்ணைத் தாளை ஒளிப்படம் எடுத்து வாட்சப்பில் நண்பர் குழுவுக்கு அனுப்ப, அது ஊர் சுற்றியிருக்கிறது. வேப்பமரத்தடியில் இரவெல்லாம் இளைஞர்கள் கூடுவதன் காரணம் அப்போதுதான் விளங்கியது. நான் அதை மரத்தின் காற்று என்று நினைத்திருந்தேன்.

மகன் கோபித்தான். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்குச் சென்ற மின்னஞ்சலை நினைவூட்டினான். நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் காப்பில்லாத வைஃபை வழியாக அது அனுப்பப்பட்டிருந்தது. காவல்துறை முதலில் போய் நின்றது அவர் வாசலில். மறு ஆண்டே, வைஃபை இணைப்புகளைக் காப்போடு வைத்திருக்கச் செய்யுமாறு தொலைத்தொடர்புத் துறை இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. "உங்கள் பெயரில் உள்ள இணைப்பில் எவன் என்ன செய்தாலும், முதல் கேள்வி உங்களுக்குத்தான் அப்பா" என்றான். எனக்கு வியர்த்தது. தாளைச் சுவரிலிருந்து கிழித்தேன். அன்றிரவே கடவுச்சொல்லை மாற்றினோம். பள்ளி திறந்துவிட்டது, பிள்ளைகளுக்கு இனி இது எதற்கு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நான்கு நாள் கழித்து என் மனைவி பக்கத்து வீட்டிலிருந்து திரும்பியவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பொண்ணுக்கு அன்னைக்கு ராத்திரிதான் காலேஜ் பட்டியலைத் திருத்தி முடிக்கணுமாம். நம்ம வைஃபை வரலையாம்."

கலந்தாய்வு இப்போது இணையத்திலேயே நடக்கிறது. தரவரிசைப்படி சுற்றுகள்; ஒவ்வொரு சுற்றுக்கும் குறித்த நாட்களுக்குள் மாணவர் தாம் விரும்பும் கல்லூரிகளை முன்பின் வரிசையில் பதிய வேண்டும்; நேரம் முடிந்ததும் பட்டியல் பூட்டப்படும். எந்தக் கல்லூரி முன்னே, எது பின்னே என்ற வரிசையில்தான் வாழ்க்கை தொங்குகிறது. அவள் ஒரு வரைவுப் பட்டியல் பதிந்துவைத்து, கடைசி இரவில் அமைதியாக உட்கார்ந்து திருத்த எண்ணியிருந்தாள். இணைப்பு மறுத்தது. அவளுடைய கைபேசியின் சொந்தத் தரவும் தீர்ந்திருந்தது. மறுநாள் காலை தந்தையும் மகளும் ஆரணிக்குப் போய் ஓர் இணைய மையத்தில் காத்து நின்றிருக்கிறார்கள். கூட்டம். அவளுக்குக் கிடைத்தது இருபது நிமிடம். அவசரத்தில் இரண்டு கல்லூரிகளின் வரிசையை மாற்ற விட்டுப்போயிற்றாம்.

எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான். அவள் வந்து கதவைத் தட்டியிருந்தால் நொடியில் கொடுத்திருப்பேன். ஏன் வரவில்லை? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் போய்க் கேட்டேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நீங்க தாளைக் கிழிச்சிருந்தீங்க தாத்தா. வேணாம்னு நெனச்சீங்கன்னு நெனச்சேன்."

அவளுடைய தந்தை எனக்காகப் பரிந்து பேசினார். "வாத்தியார் என்ன பண்ணுவாரு? ஊர்க்காரன் பூரா மேய்ஞ்சா?" அவர் பரிவு என்னை இன்னும் சுட்டது.

நான் எண்ணிப்பார்த்தது இதுதான். பதினாறு எழுத்தையும் தட்டித் தவறிய அந்த முதல் நாளில் அவள் என்னிடம் எதை வேண்டுமானாலும் கேட்டிருப்பாள். தோளோடு தோள் உட்கார்ந்து தலைகுனிந்து தேடினோமே! பிறகு விரல்ரேகை, அதற்கும் நான் வரவேண்டியிருந்தது. பிறகு சுவரில் தாள். அதற்குமேல் அவள் என்னைக் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. ஓராண்டுக்குமேல் அவள் எங்கள் இணைப்பில் படித்தாள். அதைப் பற்றி எங்களுக்குள் ஒரு சொல்கூடப் பரிமாறப்படவில்லை. கேட்காமல் கிடைத்தது நின்றபோது, கேட்பதற்கு அவளிடம் வார்த்தை இல்லை. கொடுத்தபோது பேசாதவன், நிறுத்தும்போதும் பேசவில்லை. தாளைக் கிழித்த ஓசைதான் அவளுக்கு நான் சொன்ன ஒரே சொல்லாக இருந்திருக்கிறது.

குறை முழுவதையும் கருவியின்மேல் போடுவது நேர்மையன்று. ஆனாலும் அதன் அமைப்பில் ஒரு முடிச்சு இருக்கத்தான் செய்கிறது. வீட்டு வைஃபைக்குப் பெரும்பாலும் ஒரே கடவுச்சொல்; எல்லாருக்கும் அதே சாவி. வேப்பமரத்தடி இளைஞனிடமிருந்து அதைத் திரும்பப் பெறவேண்டுமானால், இந்தப் பெண்ணிடமிருந்தும் பெற்றாக வேண்டும். ஒருவருக்குக் கொடுப்பது எளிது. ஒருவரிடமிருந்து மட்டும் எடுப்பது அரிது.

தட்டச்சில்லாமல் இணைக்கும் ஆசை புதியதன்று. 2007-ஆம் ஆண்டு வாக்கிலேயே இணைப்புப் பெட்டிகளில் ஒரு பொத்தான் வந்தது. அதை அமுக்கினால் அருகிலுள்ள கருவி தானே சேர்ந்துகொள்ளும். பொத்தானுக்கு மாற்றாக எட்டு இலக்க எண் ஒன்றும் வைத்தார்கள். அந்த எண்ணைப் பெட்டி இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்க்கிறது என்பதை 2011 டிசம்பரில் ஓர் ஆய்வாளர் வெளிப்படுத்தினார். கடைசி இலக்கம் மற்றவற்றைச் சரிபார்ப்பதற்கு மட்டுமே என்பதால், கோடிக்கணக்கில் முயலவேண்டியதற்குப் பதில் 11,000 முறை முயன்றாலே போதும், கதவு திறந்துவிடும்! எளிமையாக்கப் போய் இற்றுப்போன கதை அது. 2018-இல் வைஃபை கூட்டமைப்பு வேறொரு முறையை அறிவித்தது. அதில் கட்டக் குறியீட்டுக்குள் கடவுச்சொல் இருப்பதில்லை. புதிய கருவியின் அடையாளம் மட்டுமே இருக்கும். அதைப் பார்த்து, அந்தக் கருவிக்கென்றே தனிச் சான்று வழங்கப்படும். ஆளுக்கு ஒரு சாவி. நினைக்க இனிதாயிருக்கிறது, எங்கள் தெருவில் எந்த வீட்டுப் பெட்டியிலும் அதை நான் கண்டதில்லை.

எங்களுக்குக் கைகொடுத்தது அதைவிட எளிய ஒன்று. பல இணைப்புப் பெட்டிகளில் 'விருந்தினர்' என்று இரண்டாவது இணைப்பு ஒன்றை அமைக்கலாம். வீட்டுக்கு ஒரு பெயர், ஒரு சாவி. விருந்தினருக்கு வேறு பெயர், வேறு சாவி. ஒன்றை மாற்றினால் மற்றது கலங்காது. முதலிலேயே இதைச் செய்திருக்கலாமே என்றால், செய்திருக்கலாம்தான். மகனுக்குத் தெரிந்திருந்தது, எனக்குக் கேட்கத் தெரியவில்லை. வீட்டு இணைப்பின் புதிய சாவியை முதலில் பெற்றவள் பக்கத்து வீட்டுப் பெண். கொண்டுபோய் அவள் வீட்டிலேயே கொடுத்தேன். விருந்தினர் சாவியைச் சுவரில் ஒட்டவில்லை. வேண்டுவோர் வந்து கூப்பிடட்டும். கூப்பிட்டால் வருவேன். கொஞ்ச நேரம் உட்காரவும் சொல்வேன். வேப்பமரத்தடி இளைஞர்களில் இருவர் அப்படி வந்து, முதல் நாள் வெட்கப்பட்டு, இரண்டாம் நாள் மோர் குடித்துப் போனார்கள்.

அவளுக்குக் கிடைத்த கல்லூரி நல்ல கல்லூரிதான். 2025-இல் படிப்பை முடித்து, பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். வரிசை மாறாமல் விட்டுப்போன அந்த இரண்டில் மற்றது கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவள் ஒருநாளும் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. தீபாவளிக்கு வரும்போதெல்லாம் தாத்தா பாட்டிக்கு இனிப்புப் பெட்டி வாங்கி வருகிறாள்.

தறிகள் மீண்டும் ஓடுகின்றன. முன்போல அத்தனை வீட்டிலும் இல்லை. மகள் வாங்கித் தந்த கைபேசியோடு சென்ற வாரம் அவளுடைய தந்தை திண்ணையில் வந்து உட்கார்ந்தார். முதலாளி புதிய முந்தியின் படத்தை அனுப்பியிருக்கிறாராம். தரவு தீர்ந்துவிட்டதால் பெரிதாக்கிப் பார்க்க முடியவில்லை. பழைய கைபேசியில் இருந்த எங்கள் இணைப்பு புதியதில் இல்லை. "வாத்தியாரே, அட்டையைக் கொஞ்சம் குடுங்க" என்றார். அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரத்துக்கு அவர் வைத்த பெயர் அது. இப்போது தெருவில் பாதிப் பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

என் கைபேசியை எடுத்தேன். 'பகிர்' என்பதைத் தொட்டேன். விரல்ரேகை கேட்டது. வைத்தேன், ஏற்கவில்லை. சுண்ணாம்புக் கட்டி பிடித்த விரல், வயதும் ஆகிவிட்டது. அவர் சிரித்தார். அவருடைய விரல்களைக் காட்டினார். இழை ஓடி ஓடி மழுங்கிப்போன நுனிகள், ரேஷன் கடை இயந்திரமும் ஏற்பதில்லையாம். எண்ணைத் தட்டித் திறந்துவிடலாம் என்று நினைத்தேன். அதுவும் சட்டென நினைவுக்கு வரவில்லை. என் மனைவியைக் கூப்பிட்டேன். அவள் உள்ளேயிருந்து வரும்வரை, நாங்கள் இருவரும் முந்தியில் மயில் வருகிறதா அன்னம் வருகிறதா என்று பேசிக்கொண்டிருந்தோம்.